பை பார்க்காத அண்ணை

யாழ்ப்பாண நகரத்தில் நான் வேலை செய்யும் புடவைக்கடையின் வாசலில் முன்பு ஓர் அண்ணை காவலுக்கு நின்றார். வருகிறவர்களின் கைப்பையை விட்டு மற்றப் பைகளை வாங்கி வைத்து இலக்கத் தகடு கொடுப்பார். போகிறவர்களின் பில்லில் பேனையால் ஒரு கீறு போட்டு அனுப்புவார். கடையில் அரைவாசிப் பேருக்கு அவருடைய பெயர் தெரியாது. வாசல் அண்ணை என்றால் எல்லோருக்கும் விளங்கும். இதை எழுதும்போதும் நான் அவருடைய பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருடைய பெயர் இருந்த ஒரு தாளில் நான் செய்த வேலை போதும்.

வயது அறுபதை நெருங்கியிருக்கும். முதலாளி தைப்பித்துக் கொடுத்த நீலச் சேட்டு அவருக்கு ஒரு சுற்றுப் பெரியது. ஒரு தொப்பியும் இருந்தது. வயதான பெண்கள் யாராவது படியேறினால் அதைக் கழற்றிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டுதான் கதைப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

அவர் பையை வாங்குகிற விதத்தை முதலில் நாங்கள் பகிடி பண்ணியிருக்கிறோம். யாராவது வாய் திறந்த பையை நீட்டினால் முகத்தை வீதிப் பக்கம் திருப்பிக்கொள்வார். கையால் தடவிப் பையின் வாயை மூடி, இரண்டு மடிப்பு மடித்த பிறகுதான் தட்டில் வைக்கத் திரும்புவார். ஒருநாள் குருநகரில் இருந்து வந்த பெண்ணொருத்தி நீர் சொட்டுகிற பை ஒன்றைக் கொடுத்தாள். இறால் மணம் வாசலையே நிறைத்தது. கவுண்டரில் இருந்த பிள்ளைகள் மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள். அண்ணை ஒரு மட்டைப் பெட்டியைக் கிழித்து விரித்து, பையை அதன்மேல் நிழலில் வைத்துவிட்டு, “மழை ஈரம்” என்றார். அது சித்திரை மாதம். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் போன பிறகு, “ஏன் அண்ணை, இறால் எண்டு சொன்னா என்ன?” என்று கேட்டேன்.

“அவ சொல்லேல்லையே பிள்ளை. பிறகு நான் ஏன் சொல்லுவான்?”

நான் மேல்மாடியில் சரக்குப் பகுதியில் இருந்தேன். வந்த சாமானைப் பதிவதும் அடுக்குவதும் என் பொறுப்பு. இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது அண்ணை மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வருவார். கையில் ஒரு குழந்தைச் சட்டையோ ஒரு சால்வையோ இருக்கும்.

“பிள்ளை, இது கீழை விழுந்து கிடந்தது. எடுத்த இடத்திலை வைச்சு விடுங்கோ.”

கீழே விழுந்த துணியில் ஒரு தூசிகூட இராது. நான் அதைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை. ஒருநாள் மாடி யன்னலால் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் விஷயம் விளங்கியது. எனக்குச் சின்ன வகுப்பில் படிப்பித்த, வேலையில் இருந்து இளைப்பாறிய ரீச்சர் ஒருவர் கடையை விட்டு இறங்கிப் போனார். அண்ணை தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தார். மருந்துக்கடை தாண்டி, ஆட்கள் குறைந்த இடத்தில்தான் கிட்டப் போனார். ஏதோ சொன்னார். ரீச்சரின் தலை குனிந்தது. அவர் தன் கைப்பையைத் தானே திறந்து ரோசா நிறச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அண்ணை அதை வாங்கும்போதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சட்டை மேலே வந்தது.

“அண்ணை, ரீச்சர் எடுத்தவதானே?”

“எடுத்ததோ? சீ. எங்கடை பிள்ளையள் பில் போடேக்கை அவவின்ரை சாமானோடை தவறிப் போயிருக்கும். அப்பிடித்தான் அவவுக்கும் சொன்னனான்.”

“பை பாக்காமல் எப்பிடி உங்களுக்குத் தெரியும்?”

யன்னலால் வாசலைக் காட்டிச் சொன்னார். “காசு குடுத்த ஆக்கள் விறுவிறெண்டு போவினம், பஸ்ஸைப் பிடிக்கவேணும். மற்றவை வாசலிலை ஒருக்கா நிப்பினம். வெயிலைப் பாக்கிற மாதிரி நிப்பினம். அதிலை தெரியும்.”

திரும்ப இறங்கும்போது படியில் நின்று, “ஆருக்கும் சொல்லாதேங்கோ பிள்ளை” என்றார். நான் தலையாட்டினேன்.

அந்த வருடங்களில் நான் வேலையோடு வெளிவாரியாக முகாமைத்துவப் பட்டமும் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடத்துக்கு ஓர் ஆய்வு செய்து கொடுக்கவேண்டும். சில்லறை வியாபாரத்தில் வானொலி அதிர்வெண் அடையாளத் தொழில்நுட்பத்தை ஏற்றுக்கொள்வதில் செல்வாக்குச் செலுத்தும் காரணிகள் என்று தலைப்பு எடுத்தேன். தலைப்புத்தான் நீளம், விஷயம் சின்னது. ஒவ்வொரு உடுப்பிலும் சிப் வைத்த ஒரு மட்டை தொங்கும். கையில் பிடிக்கும் கருவி ஒன்றைக் காட்டிக்கொண்டு நடந்தால் எந்த உடுப்பு எங்கே இருக்கிறது என்று கொம்பியூட்டரில் வரும். வாசலில் இரண்டு தூண்கள் நிற்கும். பில் போடாத உடுப்பு அவற்றைத் தாண்டினால் சத்தம் போடும். கொழும்பில் பெரிய கடைகளுக்கு வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு ஏன் வரவில்லை, வருவதென்றால் என்னென்ன வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

செலவு, மின்சாரம், முதலாளிமாரின் விருப்பம், போட்டிக் கடைகளின் நெருக்குதல், ஊழியர்களின் ஆயத்தம் என்று காரணிகளைப் பிரித்து வினாக்கொத்து ஒன்று தயாரித்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பெட்டிகள். முற்றாக உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி முற்றாக உடன்படவில்லை என்பதில் முடியும். நாலைந்து கடைகளில் கொடுத்தேன். எங்கள் கடையில் எல்லோரிடமும் கொடுத்தேன். ஒருவருடைய தாளையும் வேறொருவருக்குக் காட்டமாட்டேன் என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

அண்ணை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடிக்கு வந்து, கதிரையின் நுனியில் இருந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கேள்வியையும் உதடு அசைய வாசித்தார். மெதுவாகப் பெட்டிகளில் கோடு போட்டார். ஓர் இடத்தில் பேனை நின்றுவிட்டது.

வாசலில் ஒலி எழும்போது வாடிக்கையாளரின் பையைத் திறந்து சோதிக்க நான் ஆயத்தமாக உள்ளேன். இதுதான் கேள்வி.

“பிள்ளை, இதிலை ஏலாது எண்டு ஒரு பெட்டி இல்லையோ?”

“கடைசிப் பெட்டி கிடக்கு அண்ணை. முற்றாக உடன்படவில்லை.”

“உடன்படாதது வேறை. ஏலாது எண்டுறது வேறை.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

“கலியாணம் முடிச்ச புதுசிலை நானும் மனுசியும் பருத்தித்துறையிலை இருந்து பஸ்ஸிலை வந்தனாங்கள். சென்றியிலை ஆமிக்காரங்கள் மறிச்சு இறக்கினாங்கள். மனுசியின்ரை பையை றோட்டிலை கவிட்டுக் கொட்டினாங்கள். உள்ளுடுப்பு, அது இது எல்லாம். நான் குனிஞ்சு பொறுக்கினன். அவ பொறுக்கேல்லை. ஆகாயத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவ. கொட்டினவனை இப்ப கண்டாலும் எனக்கு அடையாளம் தெரியாது பிள்ளை. பஸ்ஸுக்குள்ளை இருந்து பாத்த சனத்தின்ரை முகம் எல்லாம் தெரியும். அதிலை எங்கடை ஊர் ஆக்களும் இருந்தவை.”

பிறகு அந்தக் கேள்வியை விட்டுவிட்டு மற்றவற்றை நிரப்பினார். கடைசியில் கையெழுத்துப் போட்டுப் பெயரையும் எழுதித் தந்தார். பெயர் எழுதத் தேவையில்லை என்று நான் சொன்னேன். “சொல்லுறதுக்குப் பேர் இருக்கவேணும்” என்றார்.

ஒரு கேள்வி விடுபட்டாலும் அந்தத் தாளைக் கணக்கில் எடுக்கமுடியாது என்று எங்கள் விரிவுரையாளர் சொல்லியிருந்தார். எனக்கு வேண்டிய தொகைக்கு ஏற்கெனவே இரண்டு தாள்கள் குறைவாக இருந்தன. அண்ணையிடம் திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். கடைசிப் பெட்டியிலாவது கோடு போட்டிருக்கலாம். அது அவர் சொன்னதற்குக் கிட்டத்தட்டவாவது இருந்திருக்கும். ஆனால் எங்கள் கடையில் மற்ற எல்லோரும் உடன்பட்டிருந்தார்கள். ஊழியர்கள் முழு ஆயத்தம் என்று எழுதினால் என் முடிவுரை எவ்வளவு அழகாக வரும் என்று நினைத்தேன். வீட்டுச் சாப்பாட்டு மேசையில், அம்மா பக்கத்தில் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருக்க, முதல் பெட்டியில் கோடு போட்டேன். முற்றாக உடன்படுகிறேன். ஒரு கணம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு தேத்தண்ணி குடித்தேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

என்னுடைய ஆய்வு முதலாளியின் கைக்கும் போனது. நான்தான் கொடுத்தேன். அவர் கெட்ட மனுசன் இல்லை. ஒவ்வொரு முறையும் சரக்கு எண்ணுவதற்காக மூன்று நாள் கடையைப் பூட்டவேண்டியிருந்தது. எதிரே கொழும்புக் கடை ஒன்றின் கிளை வரப்போகிறது என்ற கதையும் அடிபட்டது. அவர் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு என் பக்கங்களை வாசித்தார். நான் எழுதிய ஒன்றை ஒருவர் அப்படி உட்கார்ந்து வாசித்தது அதுதான் முதல் தடவை.

“எங்கடை ஆக்கள் எல்லாரும் ஓமோ? உண்மையாவோ?” என்று கேட்டார்.

“ஓம் ஐயா.”

“அந்தத் தாளுகளை ஒருக்காத் தாரும் பிள்ளை, பாப்பம்.”

காட்டமாட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. மேற்பார்வையாளர் இடம் ஒன்று காலியாக இருந்ததும் நினைவுக்கு வந்தது. அடுத்தநாள் கட்டோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தூண்கள் வந்தன. ஐயர் வந்து சந்தனம் குங்குமம் வைத்தார். உடுப்புகளில் மட்டை மாட்டி முடிக்க ஒரு மாதம் ஆனது. உள்ளதைச் சொல்லவேண்டும், வேலை இலகுவானது. மூன்று நாள் எண்ணிய சரக்கை ஒரு முற்பகலில் எண்ணி முடித்தோம். வாசலில்தான் கரைச்சல். வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் அனுப்புகிற உடுப்புகள் சிலவற்றில் சிப்பைத் தையலுக்குள்ளேயே வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குத் தெரியாது. எங்கள் தூண்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இலண்டனில் இருந்து தமையன் அனுப்பிய சட்டையோடு வந்தவருக்கும் சத்தம். கனடாப் பெறாமகள் கொடுத்த கைப்பையோடு வந்த கிழவிக்கும் சத்தம். கடை முழுவதும் திரும்பிப் பார்க்கும்.

அண்ணை ஓடிப்போய் அவர்களுக்கும் கடைக்கும் நடுவில் நின்றுகொள்வார். “மிசினுக்குச் சளி பிடிச்சிருக்கு. நீங்கள் போங்கோ அம்மா, போங்கோ” என்று வீதி வரைக்கும் கொண்டுபோய் விடுவார். பையைத் திறக்கவில்லை. ஒரு தடவையும் திறக்கவில்லை. இரண்டு மூன்று பேரிடம் எங்கள் உடுப்பே இருந்தது என்று நினைக்கிறேன். அவை வழக்கம்போல் கீழே விழுந்து கிடந்து மேலே வந்தன.

முதலாளி கமராவில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல் அண்ணையையும் என்னையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடிச் சுவர். கவுண்டரில் நின்ற எல்லோருக்கும் எங்களைத் தெரிந்தது.

“சத்தம் போட்டா பையைத் திறந்து பாக்கச் சொல்லி எத்தினை தரம் சொன்னனான்?”

அண்ணை கதவடியிலேயே நின்றார். தொப்பி கக்கத்துக்குள் இருந்தது.

முதலாளி இழுப்பறையில் இருந்து தாளை எடுத்தார். அது அண்ணை நிரப்பிய தாள் என்று தூரத்திலேயே தெரிந்தது.

“இஞ்சை பாரும். பை பாக்க ஆயத்தமோ எண்டு கேட்டிருக்கு. முற்றாக உடன்படுகிறேன் எண்டு கோடு போட்டிருக்கிறீர். உம்மடை பேர். உம்மடை கையெழுத்து. இதை நம்பித்தானே நான் இவ்வளவு காசைப் போட்டனான்?”

அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னை ஒருமுறை பார்த்தார். அதில் கோபம் இல்லை. யாருக்கோ அடிபட்டுவிட்டதோ என்று பார்க்கிற பார்வை.

“ஓம் ஐயா. என்ரை தாள்தான்.”

“அப்ப ஏன் செய்யேல்லை?”

“அப்ப ஏலும் எண்டு நினைச்சிருப்பன். இப்ப ஏலாமல் கிடக்கு.”

நான் அங்கேயேதான் நின்றேன். வாய் திறந்து இரண்டு சொல் சொன்னால் போதும். நான் சொல்லவில்லை.

முதலாளியின் குரல் மாறியது. “வாசலைத் தாண்டிப் போறவையை விட்டிட்டு நிக்கிறீர். உமக்கும் அதிலை பங்கோ?”

அண்ணையின் முகம் அப்போதுதான் கறுத்தது. முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, சரக்கு உம்மடை பொறுப்பு. நீர் சொல்லும். இந்த ஆளைப் பற்றி உமக்கு ஏதும் தெரியுமோ?”

எனக்குத் தெரியும். வருடக்கணக்காக அவர் மாடிப்படி ஏறிக் கொண்டுவந்து தந்த ஒவ்வொரு சட்டையும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால், ஏன் இவ்வளவு நாளும் மறைத்தாய் என்று என்னைக் கேட்பார். பேச்சு வளர்ந்தால் தாளில் போய் நிற்கும். என் பட்டம், என் மேற்பார்வையாளர் இடம் எல்லாம் அந்த ஒரு கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.

“எனக்கொண்டும் தெரியாது ஐயா” என்றேன்.

“சரி. அவரின்ரை பையைப் பாரும்.”

அண்ணையின் துணிப்பை மூலையில் இருந்தது. நான் அசையாமல் நின்றேன். கண்ணாடிக்கு வெளியே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணையே போய்ப் பையை எடுத்து வந்தார். என் கை உள்ளே போகவேண்டி வரக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டு கையாலும் வாயை நன்றாக விரித்து என் முன்னால் பிடித்தார்.

“பாருங்கோ பிள்ளை.”

பார்த்தேன். சாப்பாட்டுப் பெட்டி, ஒரு குடை, இரத்த அமுக்கக் குளிசை, மடித்த சறம் ஒன்று. “ஒண்டும் இல்லை ஐயா” என்றேன். அவர் பையின் வாயை மூடி இரண்டு மடிப்பு மடித்தார். தொப்பியை மேசையில் வைத்தார். “நான் வாறன் ஐயா” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். யாரும் அவரை மறிக்கவில்லை.

புதிய ஆள் கிடைக்கும்வரை வாசலில் என்னை நிற்கச் சொன்னார்கள். முதல் நாளே ஒரு தாய்க்குச் சத்தம் போட்டது. நான் கைப்பையைத் திறந்து கையை விட்டேன். ஆஸ்பத்திரி அட்டையும் பாண் துண்டொன்றும் பிள்ளையின் ஈரச் சட்டையும் இருந்தன. அந்தப் பெண் கவுண்டருக்குப் போய்த் தான் வாங்கிய துணியை மேலே வைத்துவிட்டுப் போனாள். முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் திரும்பி வரவில்லை.

எனக்கு நல்ல புள்ளிகள் கிடைத்தன. ஊழியர் ஆயத்தம் பற்றிய பகுதி சிறப்பு என்று எழுதியிருந்தார்கள். மேற்பார்வையாளர் இடமும் கிடைத்தது. இப்போது மற்றக் கடைகளில் இருந்தும் வந்து என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள். நான் கருவியைக் கையில் எடுத்துக் காட்டி எல்லாம் சொல்லிக் கொடுப்பேன். ஆட்கள் ஒத்துழைத்தார்களா என்று கேட்பார்கள். ஓம் என்பேன்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு, ஒரு கலியாண வீட்டுக்குப் போகும் வழியில் கொடிகாமம் சந்தையில் இறங்கினேன். தேங்காயும் முருங்கைக்காயும் குவித்து வைத்துக்கொண்டு அண்ணை இருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி. ஒதுங்கிப் போய்விடத்தான் நினைத்தேன். அதற்குள் கண்டுவிட்டார். எழுந்து வந்தார். இளைத்திருந்தார். வேறு குறை ஒன்றும் தெரியவில்லை.

“பிள்ளை, எப்பிடி இருக்கிறியள்? சோதினை பாஸோ?”

“பாஸ் அண்ணை.”

“நல்லம், நல்லம்.”

இனிமேல் மறைத்துவைக்க முடியாது என்று தோன்றியது. சந்தை இரைச்சலுக்குள்ளேயே சொன்னேன். “அண்ணை, அந்தத் தாளிலை கோடு போட்டது நான்.”

“அது தெரியும். அண்டைக்கே தெரியும். நான் போடாத கோடு எனக்குத் தெரியாதோ?” என்றார். “படிப்பு விஷயம். நீங்கள் பயந்திருப்பியள். அதை விடுங்கோ.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சுமை இறங்கியதுபோல் ஒரு மூச்சு விட்டேன். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். கிட்ட வந்து குரலைத் தணித்தார்.

“ஆனால் மற்றதுக்கு நான் உங்களை மறக்கமாட்டன் பிள்ளை. அண்டைக்கு ஐயா கேட்டவர். சாமான் திரும்பி வாற கதை உங்களுக்கு மட்டும்தானே தெரியும்? சொல்லியிருந்தா என்னை விட்டிருப்பார். ஆனால் ஆர் ஆர் எண்டு பேர் கேட்டிருப்பார். அந்த ரீச்சர் பிறகு உந்த றோட்டாலை நடந்திருப்பாவோ? நீங்கள் வாய் திறக்கேல்லை. நான் சொன்ன ஒரு சொல்லுக்காக நிண்டனீங்கள். எனக்கு அது போதும் எண்டுதான் பேசாமல் வந்தனான்.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் மனதார நம்பிக்கொண்டு நின்றார். இல்லை அண்ணை, நான் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று சொல்லியிருக்கவேண்டும். அந்த நேரத்தில் சந்தையில் யாருக்கும் கேட்டிருக்காது.

“ஓம் அண்ணை” என்றேன். “எப்பிடிச் சொல்லுறது?”

அவர் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். “இஞ்சை வாரும். நான் சொல்லுவனெல்லே, எங்கடை கடைப் பிள்ளை, அது இவதான்.”

அந்த அம்மா தேங்காய்த் தும்பைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். “இவர் எப்பவும் உங்களைப் பற்றித்தான் கதைக்கிறவர் பிள்ளை. உங்களைப்போலை ஆக்கள் இப்ப ஆர் இருக்கினம்?” என்றார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். கலியாண வீட்டுக்குப் போகிற பஸ் வரும்வரை அவர் என் கையை விடவில்லை.